ஒத்தி வீட்டு ரோசலின் டீச்சர்

"காசையும் கொட்டிக் குடுத்துட்டு, அடுத்தவன் வீட்டுக்குக் காவலும் நாமளே காக்கணும்!"

ரோசலின் டீச்சர் இதைச் சொல்லாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை. பால் பாக்கெட்டை எடுக்கும்போது சொல்வார். தண்ணீர் லாரிக்காரனிடம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போது, பக்கத்தில் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவர் தெரிந்தவரோ தெரியாதவரோ, அவரிடமும் சொல்வார். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லிவிட்டாராம். "இது பாவம் இல்லம்மா, குறை. பாவத்தைச் சொல்லு" என்று சாமியார் திருத்த வேண்டியதாயிற்றாம்.

எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தருகிற அதே குரல்தான். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நிறுத்தி வைத்து, கடைசிச் சொல்லில் ஒரு இழுப்பு: "காக்...கணும்!" தெருப் பிள்ளைகள் அந்த இழுப்பை அப்படியே பிடித்து வைத்திருந்தார்கள். டீச்சர் ஸ்கூட்டியில் திரும்பும்போது எந்த மாடியிலிருந்தாவது ஒரு "காக்...கணும்" காக்கா மாதிரிக் கேட்கும். டீச்சர் வண்டியை நிறுத்தி மாடியைப் பார்த்து, "இழுப்பு பத்தலடா, இன்னும் கொஞ்சம் மூக்குல கொண்டா" என்று திருத்திவிட்டுப் போவார்.

அவர் நொந்துகொண்டது ஒத்தியைப் பற்றி. திண்டுக்கல்லில் வாடகைக்கு வீடு பிடிக்க முடியாதவர்களும் சொந்தமாகக் கட்ட முடியாதவர்களும் நடுவில் போய் நிற்கிற இடம் அது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். மாதா மாதம் வாடகை கிடையாது. மூன்று வருடம் கழித்துச் சாவியைக் கொடுத்தால் கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வாங்கிய பணத்தை எந்த வீட்டுக்காரரும் பீரோவில் வைத்துப் பூட்டுவதில்லை. வாங்கிய அன்றே அது எங்கோ போய்விடும். அடுத்து ஒத்திக்கு வருகிறவர் கொண்டுவரும் பணம்தான் முன்னால் இருந்தவருக்குக் கிடைக்கும். ஆகவே காலி பண்ண நினைப்பவர் தனக்குப் பதில் ஒரு ஆள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கூட்டமான பஸ்சில் பையை வைத்து சீட் பிடித்துக் கொடுக்கிறவர் மாதிரி.

டீச்சர் மாரம்பாடிப் பக்கத்துப் பெண். கட்டிக்கொண்டது பிராங்கிளினை. அவர் மதுரையில் டைல்ஸ் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். கல்யாணமான புதிதில் மதுரையில்தான் குடியிருந்தார்கள். அங்கே வாடகை ஏறியபோது பிராங்கிளினுக்கு ஒரு யோசனை உதித்தது. "திண்டுக்கல்ல வீடு பாப்போம் ரோசி. ரயில்ல ஒரு மணி நேரம். யாருக்கும் தோணாத ஐடியா."

யாருக்கும் தோன்றாத அந்த ஐடியா தோன்றிய ஆட்கள் மதுரைக்குப் போகிற காலை ரயிலில் தொங்கிக்கொண்டு போனார்கள். வருடத்துக்கு வருடம் கூட்டம் கூடியது. பெட்டிக்குள் கிரிக்கெட் பேச்சும் சினிமாப் பேச்சும் போய், சென்ட் என்ன விலை, அப்ரூவல் இருக்கா, ரோடு எத்தனை அடி என்கிற பேச்சு மட்டும் மிஞ்சியது. மதுரையில் வாங்க முடியாதவர்கள் எல்லாரும் திண்டுக்கல்லில் வாங்க வந்ததால், திண்டுக்கல்லில் இருந்தவர்களால் திண்டுக்கல்லில் வாங்க முடியாமல் போயிற்று.

டீச்சரின் கையில் இருந்தது ஐந்து லட்சம். அவருடைய நகை, பிராங்கிளினின் பூர்வீகத்தில் வந்த பங்கு, இரண்டு பேரும் வாயைக் கட்டிச் சேர்த்தது. முதல் ஒத்தியின்போது அந்தப் பணத்துக்கு நத்தம் ரோட்டில் ஊரை ஒட்டியே மனை கிடைத்தது. "இந்த ஒத்தி முடியட்டும், வாங்கிருவோம்" என்றார்கள். முடிந்தபோது அதே பணத்துக்கு நொச்சிஓடைப்பட்டி தாண்டித்தான் கிடைத்தது. அடுத்தது முடிந்தபோது இன்னும் தள்ளி. டீச்சரும் பிராங்கிளினும் ஸ்கூட்டியில் மனை பார்க்கப் போகிற தூரம் கூடிக்கொண்டே போனது. கடைசியாகப் பார்த்தது சாணார்பட்டி பக்கத்தில், மக்காச்சோளக் காட்டை வெட்டி நட்டிருந்த கல்லுக்கு நடுவில். மனை விற்ற பையன் டை கட்டியிருந்தான். "மேடம், கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஜஸ்ட் பத்து நிமிஷம்!"

"எதுல தம்பி, ஹெலிகாப்டர்லயா?" என்றார் டீச்சர்.

ஆனாலும் அந்த இடம் பிடித்திருந்தது. மூலையில் ஒரு வேப்பமரம் நின்றது. மகள் ஏஞ்சலின் பெங்களூரில் நர்ஸ். அவளைப் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளை வீடும் காபியைக் குடித்து, சுவரைப் பார்த்து, "வீடு சொந்தமா, ஒத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவது ஒன்று கேட்பதற்குள் ஒரு பத்திரமாவது பேரில் இருக்க வேண்டும் என்று டீச்சர் கழுத்துச் சங்கிலியை விற்று அட்வான்ஸ் கொடுத்தார். ஈஸ்டருக்குள் மீதியைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மனையும் கிடையாது, சங்கிலியும் கிடையாது. டை கட்டிய பையன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இந்த வீட்டின் ஒத்திக் கெடு தை மாதமே முடிந்திருந்தது; ஐந்து லட்சம் இன்னும் திரும்பி வரவில்லை. வீட்டுக்காரர் நாச்சிமுத்து நெய்க்காரப்பட்டிக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், வாய் நிறைய "ங்க". பாலகிருஷ்ணாபுரத்தில் இருக்கிற இந்த வீட்டைப்போல அவருக்கு இன்னும் சில வீடுகள் இருப்பதாகச் சொல்வார்கள். குரல் ஒருபோதும் உயராது. வெண்ணெய் தடவிய கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வரும்.

"ஏனுங்க டீச்சர், காசு எங்கீங்க போயிரும்? எங்கிட்ட இருக்கறதும் உங்க பீரோவுல இருக்கறதும் ஒண்ணுதானுங்களே. ஆள் வரட்டுமுங்க. அவங்க குடுக்கறதை எண்ணாமக் கூட உங்க கையில வச்சிர்றனுங்க."

ஆட்களைக் கூட்டி வருகிற வேலை புரோக்கர் பிரின்சுக்கு. பிரின்ஸ் பேசினால் விளம்பரம் ஓடுவது போலவே இருக்கும். "தெற்குப் பாத்த காத்து, கிழக்குப் பாத்த வாசல், நடந்தா ஸ்கூலு, ஓடுனா பஸ்ஸு!" முதலில் அவன் கூட்டி வந்தது ரிட்டயர்டான ஒரு தாலுகா ஆபீஸ்காரரையும் அவர் மனைவியையும்.

"பாத்ரூம் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார் அவர்.

"அந்தப் பக்கம் சார். தாப்பா மட்டும் போட்றாதீங்க. போட்டா, திறக்க வெளியில இருந்து ஆள் வரணும். போன மாசம் எங்க அவரு உள்ளேயே ஜெபமாலை முழுசும் சொல்லிட்டாரு."

"தண்ணி?"

"போர்ல உப்பு. சோப்பு நுரைக்கவே நுரைக்காது. முனிசிபல் தண்ணி வரும், ஆனா அது வாரது அதுக்கே தெரியாது."

போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு மழைக்காலத்தில் ஒழுகும் இடங்களை டீச்சர் குச்சியால் தொட்டுக் காட்டினார், இந்திய வரைபடத்தில் மாநிலங்களைக் காட்டுவது போல. அவர்களும் போனார்கள். பிரின்ஸ் தலையில் கை வைத்தான். "டீச்சரக்கா, நான் ஆளைக் கூட்டிட்டு வாரேன், நீங்க பஸ் ஏத்தி விடுறீங்க. வீடு போகணுமா வேணாமா?"

"கேட்டாங்க, சொன்னேன்."

அன்று சாப்பிடும்போது பிராங்கிளின் மெதுவாக ஆரம்பித்தார். "ரோசி, வீட்டுக் குறையை வீட்டுக்காரன்கிட்டச் சொன்னா சரி. வாரவன்கிட்டச் சொன்னா நம்ம காசுல நாமளே மண்ணள்ளிப் போடுற மாதிரி."

"தவக்காலத்துல பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் சொல்லச் சொல்லல. வெஞ்சனத்தை வாயில போட்டுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றேன்."

டீச்சர் முறைத்துவிட்டு, வாழைக்காய் வறுவலை வாயில் போட்டுக்கொண்டார்.

இதுவரைக்கும் இது சிரிப்புக் கதைதான். அதன் பிறகுதான் டிப்டாப்பாக ஒரு ஆள் வந்தான்.

பள்ளிக்கூடம் அரை நாள் என்பதால் டீச்சர் அன்று மதியமே வீட்டில் இருந்தார். வெயிலில் தெருவில் நடமாட்டம் இல்லை. கேட்டுக்கு வெளியே ஒருவன் நின்று போனில் வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். முன்பக்கம் எடுத்தான், பக்கவாட்டுச் சந்துக்குள் போய் எடுத்தான், கரண்ட் மீட்டரை எடுத்தான். டீச்சர் கதவைத் திறந்து, "என்ன தம்பி, வீட்டுக்குக் கல்யாணமா?" என்றார்.

அவன் சிரிக்கவில்லை. "நீங்க ஓனரா மேடம்?"

"ஒத்தி."

அவன் போனைப் பைக்குள் வைத்தான். டீச்சரை ஒருமுறை, பின்னால் கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்தை ஒருமுறை பார்த்தான். "ஒத்தியை ரிஜிஸ்டர் பண்ணிருக்கீங்களா?"

"பத்திரத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். ரிஜிஸ்டர் ஆபீஸ் செலவு எதுக்குன்னு... ஊருல எல்லாரும் அப்படித்தானே தம்பி?"

"ஆமா மேடம். எல்லாரும் அப்படித்தான்" என்றான் அவன். அது ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'வீட்டுல பெரியவங்க யாரும் வந்திருக்காங்களா' என்று கேட்பார்களே, அந்தக் குரல்.

"யாரு தம்பி நீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம் மேடம். நான் ஒண்ணும் சொல்லல." கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது காம்பவுண்டுச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை; எழுத்துகளின் காலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சொத்து எங்கள் பைனான்ஸ் கம்பெனியிடம் அடமானத்தில் உள்ளது, இதை யாரும் வாங்கவோ ஒத்திக்கு எடுக்கவோ கூடாது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு முகம் இருந்தது. டீச்சர் பார்த்ததும் ஜன்னல் சாத்திக்கொண்டது. எந்த மாடியிலிருந்தும் "காக்...கணும்" வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் நாச்சிமுத்து வந்துவிட்டார். கூடவே சுண்ணாம்பு வாளியோடு ஒரு ஆள். "கம்பெனிக்காரனுங்க வீடு மாத்தி எழுதிப்போட்டானுங்க டீச்சர். அடுத்த தெருவுல எழுதறதுக்கு நம்ம தெருவுல எழுதிட்டானுங்க. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க." நின்று முழுச் சுவரையும் வெள்ளையடிக்க வைத்தார். வெள்ளையடிக்கும் வரை சிரித்தபடியே இருந்தார். காரில் ஏறும்போது மட்டும் ஒரு சொல் அதிகமாகச் சொன்னார். "வாரவங்ககிட்ட இதையெல்லாம் பேசிட்டிருக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க."

சுண்ணாம்பு காயக் காய, அடியிலிருந்த சிவப்பு மேலே வந்தது. எழுத்தாக வரவில்லை. சுவர் முழுக்க ஒரு வெளிறிய ரோஸ் நிறம் பரவி நின்றது, கன்னத்தில் அறை வாங்கிய குழந்தை மாதிரி.

பிராங்கிளின் மதுரையில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தார். ரயிலிலிருந்து இறங்கி வந்தவர் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். "வில்லங்கம் போட்டுப் பாத்தாரு, அடமானம் நெசந்தான். ரிஜிஸ்டர் ஆகாத ஒத்திக்கு கம்பெனிக்காரன் முன்னாடி பேச்சே இல்லையாம். அவன் ஏலம் விட்டா, நாம சாமானைத் தூக்கிட்டு வெளிய. நாச்சிமுத்து மேல கேஸ் போடலாமாம். ஏஞ்சலினுக்குப் பேரன் பிறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்னாரு."

"அவளுக்கே இன்னும் மாப்பிள்ளை வரல."

"அதைத்தான் சொல்றேன்."

பிறகு பிராங்கிளின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏலத்துக்கு முன்னாடி வேற ஆள் வந்துட்டா நம்ம காசு வந்துரும் ரோசி."

டீச்சர் எழுந்து போய் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தார். அதுவே பிராங்கிளினுக்குப் பதிலாகப் போயிற்று.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்திய குருத்து ஞாயிறு அன்று மாலை பிரின்ஸ் ஒரு இளம் ஜோடியைக் கூட்டி வந்தான். முகமது யாசின், பேகம்பூரில் தோல் குடோனில் வேலை. மனைவி தஹ்சீன், தோளில் கைக்குழந்தை. பேகம்பூரில் மாமியார் வீட்டில் ஒரே அறையில் கொழுந்தன்மாரோடு சேர்ந்து இருக்கிறார்களாம். நகையையும் வண்டியையும் விற்றாகிவிட்டது.

"வீடு தேடி ரொம்ப அலைஞ்சுட்டோம் டீச்சர்" என்றான் யாசின். "போன்ல பேசும்போது வாங்கன்னுறாங்க. போய்ப் பேரைச் சொன்னதும், இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாருன்னுறாங்க. திண்டுக்கல்ல எங்களுக்கு முன்னாடியே அட்வான்ஸ் குடுக்கிற அந்த ஒருத்தர் யாருன்னு பாக்கணும்னு ஆசையா இருக்கு."

"நம்ம ஓனர் அப்படி இல்ல தம்பி. எந்தச் சாமியைக் கும்பிட்டா என்னன்னு கேக்குற மனுசன்" என்றான் பிரின்ஸ். டீச்சர் பிரின்சைப் பார்த்தார். பிரின்ஸ் கூரையைப் பார்த்தான்.

தஹ்சீன் அறை அறையாகப் போனாள். சமையலறையில் நின்று ஒரு கையை நீட்டிப் பார்த்தாள், எங்கே அடுப்பு, எங்கே மிக்சி என்று. "தண்ணி வருமாக்கா?"

டீச்சரின் வாய் திறந்தது. பிராங்கிளின் கூடத்திலிருந்து இருமினார்.

"வரும்" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். உப்பைச் சொல்லவில்லை. ஒழுகலைச் சொல்லவில்லை. பாத்ரூம் தாழ்ப்பாளை யாசின் தானே போட்டுத் திறந்து பார்த்தபோது, அது என்றும் இல்லாத திருநாளாக வழுக்கிக்கொண்டு திறந்தது. டீச்சர் ஐந்து வீடுகளில் குடியிருந்தவர். ஒரு வீட்டைப் பற்றி அவர் குறை சொல்லாமல் நின்றது இதுதான் முதல் தடவை. நாக்கு வாய்க்குள் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது.

போகும்போது தஹ்சீன் கேட்டருகில் நின்று திரும்பினாள். "அக்கா, இந்த ரோஸ் கலர் சுவரு ரொம்ப அழகா இருக்கு. பாத்ததுமே பிடிச்சிருச்சு."

வியாழக்கிழமை பணம் கை மாறுவது என்று முடிவாயிற்று. அவர்கள் தெரு திரும்பியதும் டீச்சர் பிரின்சைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பிள்ளை குடுக்கிற காசு எனக்கு வரும். அந்தப் பிள்ளைக்கு யாரு குடுப்பா?"

"அதுக்கு அடுத்து வாரவங்கக்கா."

"அடுத்து வாரது கம்பெனிக்காரன்ல?"

பிரின்ஸ் வண்டியைக் கிளப்பினான். "அக்கா, உங்க காசு உங்களுக்கு வருது. மத்ததெல்லாம் அவுட் ஆஃப் சிலபஸ்."

திங்களும் செவ்வாயும் பிராங்கிளின் பழைய அட்டைப்பெட்டிகளைச் சேகரித்தார். சாணார்பட்டி மனைக்காரப் பையனுக்குப் போன் பண்ணி, சனிக்கிழமை வருகிறோம் என்றார். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "வேப்பமரத்தை வெட்டாம, அதை விட்டுக் கட்டச் சொல்லுவோம்" என்றார். டீச்சர் தலையாட்டினார். எதிரே காலி மனையில் நாச்சிமுத்துவின் வெள்ளைக் கார் வந்து வந்து நின்றது. அவர் இறங்குவதில்லை. கண்ணாடி ஏற்றி இருக்கும். உள்ளே ஆள் இருப்பது ஏசி சொட்டுகிற ஈரத்தில்தான் தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் தஹ்சீன் தனியாக வந்தாள், குழந்தையோடு. அன்று கார் இல்லை.

"தொட்டில் கட்ட மேல கொக்கி இருக்கான்னு பாக்க மறந்துட்டேன்கா. உள்ள வரலாமா?"

குழந்தை சிணுங்கியது. உள்ளே வருவதற்குள் தோளை மாற்றிப் போட, தஹ்சீன் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்து நிமிர்ந்தபோது முந்தானையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தோள் பட்ட இடத்தில் வெள்ளை பெயர்ந்து, கீழே சிவப்பாக, தடிப்பாக, ஒரு எழுத்தின் கால் தெரிந்தது.

"அய்யோ, புதுச் சேலை" என்று தட்டிவிட்டுக்கொண்டு அவள் சுவரைப் பார்த்தாள். "உள்ள என்னக்கா, பழைய பெயிண்டா?"

ஆமா என்று சொன்னால் போதும். ஒரே ஒரு ஆமா. சாணார்பட்டி, வேப்பமரம், மூன்றாவதாக வரப்போகிற மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், எல்லாம் அந்த ஆமாவுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. டீச்சர் குழந்தையைப் பார்த்தார். அது விரலைச் சப்பிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது, எல்.கே.ஜி.யில் முதல் நாள் விட்டுவிட்டுப் போன பிள்ளை மாதிரி.

"உள்ள வா" என்றார். "உக்காரு. கொக்கி இருக்கு. ஆனா நீ கட்ட வேணாம்."

சொல்லிவிட்டார். கம்பெனி, அடமானம், படம் எடுத்த ஆள், ரிஜிஸ்டர் ஆகாத பத்திரம், வெள்ளையடித்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. உப்புத் தண்ணீர், ஒழுகல், தாழ்ப்பாள் எல்லாமும் சேர்ந்து வந்தன.

தஹ்சீன் கண் கலங்குவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று டீச்சர் நினைத்திருக்கலாம். அவள் எழுந்து நின்றாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா? நான் எங்கம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். சேலை எடுத்துட்டோம். பால் காய்ச்ச அடுப்பு வாங்கிட்டோம். என் பிள்ளையைக் கையில வச்சிருக்கும்போது 'தண்ணி வரும்'னு சொன்னீங்கள்ல?"

தஹ்சீன் நன்றி சொல்லவில்லை. குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு சாயங்கால வெயிலில் இறங்கிப் போனாள்.

பிராங்கிளின் வந்ததும் டீச்சர் சமையலறைக்குள் நின்றுகொண்டே சொன்னார். அட்டைப்பெட்டி ஒன்றில் டம்ளர்களைப் பேப்பரில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்த பிராங்கிளின், கையில் இருந்த டம்ளரைச் சுற்றி முடித்தார். பிறகு அதைப் பிரித்தார்.

"அந்தப் பிள்ளை நமக்கு யாரு ரோசி?"

"யாருமில்ல. சொந்தக்காரியா இருந்தா நாளைக்கு வாசல்ல வந்து சண்டை போட்டாவது காசை வாங்கிக்கிடுவா. இவ எங்க போய்க் கேப்பா?"

"நாம எங்க போய்க் கேக்குறது?" என்றார் பிராங்கிளின். அதன் பிறகு ஒவ்வொரு டம்ளராக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தார். சத்தம் கேட்காமல் வைத்தார்.

ஈஸ்டர் போயிற்று. மனைக்காரப் பையன் போனை எடுக்கவில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து டேப் பிடித்து வீட்டை அளந்துவிட்டு, டீச்சர் அங்கே நிற்பதே தெரியாதது போலப் போனார்கள். செய்தி ஊரெல்லாம் பரவியது. யாசின் பேகம்பூரில் சொல்லியிருப்பான். நாச்சிமுத்துவின் மற்ற வீடுகளில் ஒத்திக்கு இருந்தவர்களும் அவரைத் தேட ஆரம்பித்தார்கள். அவர் யார் போனையும் எடுக்கவில்லை. எதிர் மனையில் கார் நின்ற இடத்தில் ஈரம் மட்டும் அவ்வப்போது இருந்தது.

ஒரு சாயங்காலம் அவரே வந்தார். பிராங்கிளின் இன்னும் ரயிலில் இருந்தார். பின்னால் தடித்தடியாக இரண்டு ஆட்கள். ஒருவன் கேட்டின் மேல் கை வைத்து அதை மெதுவாக ஆட்டிக்கொண்டே நின்றான். நாச்சிமுத்து செருப்பைக் கழற்றாமல் வாசல் வரை வந்தார். சிரிப்பு இருந்தது. "ங்க"வைக் காணவில்லை.

"உன் வாயால எனக்கு எத்தனை வீட்டுல ஆள் காசைக் கேட்டு நிக்குது தெரியுமா டீச்சர்? உன் காசு இனி எங்கிட்ட இல்ல. கம்பெனிக்காரன் பூட்டறதுக்கு முன்னாடி நீயா காலி பண்ணிட்டா மரியாதை. இவனுங்க ரெண்டு பேரும் நாளையில இருந்து இங்க கேட்டுலதான் இருப்பானுங்க, நீ போற வரைக்கும். புருசன் காலையில போனா இருட்டித்தான் வாரான், எனக்குத் தெரியும்." குரல் அப்போதும் உயரவில்லை. "அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னியே, உனக்கு என்ன கிடைச்சுது?"

தெருவில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. டீச்சரின் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. அவர் நாச்சிமுத்துவைப் பார்த்து ஆரம்பித்து, முடிக்கும்போது கேட்டில் நின்ற இரண்டு பேரையும் பார்த்துத்தான் முடித்தார்:

"ஒண்ணும் கிடைக்கலண்ணே. என் காசு போச்சு, சங்கிலி போச்சு, சாணார்பட்டி இடம் போச்சு, அந்தப் பிள்ளைகூட என்னை ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லல. ஆனா இன்னொரு குடும்பத்தை நீங்க இந்த வாசப்படி ஏத்தணும்னா நான் செத்தாத்தான் முடியும், அதுவரைக்கும் வாரவங்க போறவங்க அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன். முதல்ல உங்க ஆளுங்ககிட்டயே சொல்லிர்றேன்: தம்பிகளா, கேட்டுல நில்லுங்க, எனக்கும் பேச்சுத் துணையாச்சு, ஆனா சம்பளத்தை மட்டும் முன்னாடியே வாங்கிக்கிடுங்க!"